சீல்காரரும் தம்பியின் கிட்டாரும்

சீல்காரர் முடிவெட்டிக்கொள்ளும்போது கண்ணை மூடமாட்டார். காதோரம் கத்தி வரும்போதும் எதிர்க் கண்ணாடியில் முடிதிருத்துபவரின் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். மிக்ஸியைப் பழுதுபார்க்கக் கொடுத்தால், கடையிலேயே ஒரு ஸ்டூலைக் கேட்டு வாங்கி உட்கார்ந்துவிடுவார். மோட்டார் வெளியே வந்து திரும்ப உள்ளே போகும்வரை எழுந்திருக்கமாட்டார். ஊசி போட வந்த நர்ஸிடம் உறையைத் தன் கண்முன்னால் பிரிக்கச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவர். "கடவுளே நேர்ல வந்தாலும் அடையாள அட்டை கேப்பாரு" என்று வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அவரை அறிமுகம் செய்துவைப்பது அவருடைய மனைவி.

மின்சார அலுவலகத்தில் மீட்டர் சோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வீடு வீடாகப் போய், யாராவது மீட்டரில் கைவைத்து மின்சாரம் திருடுகிறார்களா என்று பார்த்து, மூடியைப் பூட்டி, கம்பி கோத்து, ஈயச் சீல் அடித்துவிட்டு வருகிற வேலை. பெயர் அப்படித்தான் வந்தது. வேலை போன பிறகும் பெயர் போகவில்லை. அந்தப் பிரிவில் லஞ்சத்துக்குக் கை நீட்டாதவர்கள் குறைவு. இவர் நீட்டியதில்லை. சோதனைக்குப் போன வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். அவர் பெரிதாக எதையும் சேர்த்துவைக்கவில்லை. தன்னைப் பற்றி எவனும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது என்பதைத்தான் சேர்த்துவைத்திருந்தார். அதை அடிக்கடி எடுத்துத் துடைத்தும் வைப்பார்.

தம்பி இறந்து சில மாதங்கள் கழித்து, தம்பி மனைவி ஒரு நீளமான கறுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தாள். உள்ளே தம்பியின் எலெக்ட்ரிக் கிட்டார். ஓரமெல்லாம் வண்ணம் உதிர்ந்து மரம் தெரிந்தது. தம்பியின் முழங்கை படும் இடத்தில் வழவழவென்று ஒரு தேய்மானம்.

அவளுக்கு மருந்துக் கடையில் பில் போடுகிற வேலை. நாள் முழுக்க நிற்கிற வேலை என்பதால் எங்கே போனாலும் முதலில் நாற்காலியைத்தான் தேடுவாள். உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: "இதை வித்துக் குடுங்க அத்தான். எனக்கு இதோட விலை தெரியாது. யார்கிட்ட குடுத்தாலும் தலையில மிளகாய் அரைச்சிடுவாங்க. உங்களை ஏமாத்த முடியாதுன்னு அவர் சொல்லுவாரு."

தம்பி அதை எந்தக் குரலில் சொல்லியிருப்பான் என்று சீல்காரருக்கு உடனே ஒரு யோசனை. பெருமையாகவா, கிண்டலாகவா? கேட்கவில்லை. இப்படி இப்படி ஒரு பொருளைப் பெற்றுக்கொண்டேன் என்று ஒரு ரசீது எழுதித் தருவதாகச் சொன்னார். அவள் கையை ஆட்டி வேண்டாம் என்றாள். ஒருத்தி ரசீது வேண்டாம் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். அவள் படியிறங்கிப் போன பிறகும் அதையே மென்றுகொண்டிருந்தார்.

கிட்டாரின் மீதும் அவருக்குச் சந்தேகம் உண்டு. தம்பி ஓர் இசைக்குழுவில் வாசித்தவன். பயணிகள் கப்பலில் வாசித்துவந்த ஒரு வெளிநாட்டுக்காரர், தொழிலை விட்டுவிட்டுப் போகும்போது இதைத் தனக்குக் கொடுத்தார் என்று ஒருமுறை சொன்னான். சும்மா எதுக்குடா குடுப்பான் என்று அண்ணன் கேட்டார். பழக்கத்துக்கு என்றான் தம்பி. எவ்வளவு நாள் பழக்கம் என்றார் அண்ணன். அதற்கப்புறம் தம்பி அந்தக் கதையை அவர் முன்னால் எடுத்ததில்லை. இது அசலாக இருந்தால் திருட்டுப் பொருள், இல்லையென்றால் போலி என்று அவர் அன்றே தீர்ப்பு எழுதிவிட்டிருந்தார்.

ஆகவே முதல் வேலையாக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். "கிட்டாரோட என்ன ரகசியம் பேசுறீங்க?" என்று வெளியிலிருந்து மனைவி கேட்டாள். திருப்புளியை எடுத்து முன்பக்கத் தகட்டைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். தம்பி எதையாவது ஒளித்துவைத்திருக்கலாம். வேறு யாருடைய பெயராவது செதுக்கியிருக்கலாம். ஒன்றும் இல்லை. ஒயர்கள், சுருள்கள், தூசி. மூடினார். பிறகு, விற்பதற்காகக் கடை கடையாகக் கொண்டுபோகும்போது எவனாவது உள்ளிருக்கும் பாகத்தை மாற்றிவிட்டால் என்ன செய்வது என்று தோன்றியது. மகள் விட்டுப்போன சிவப்பு நகப்பூச்சை எடுத்து, ஒவ்வொரு திருகாணி மீதும் பாதி திருகாணியிலும் பாதி தகட்டிலும் படும்படி ஒரு புள்ளி வைத்தார். திருகாணி ஒரு நூல் திரும்பினாலும் புள்ளி இரண்டாகப் பிளந்துவிடும். வேலையில் இருந்தபோது சீல் தீர்ந்துபோனால் கையாண்ட வழி. ஓய்வுக்குப் பின் அன்றுதான் அவர் முகத்தில் கொஞ்சம் களை வந்ததாக மனைவி பிற்பாடு சொன்னாள்.

கடைவீதியில் இசைக்கருவி விற்கிறவர் பெட்டியை முழுதாகத் திறக்கும் முன்பே ஒரு விலை சொன்னார். பார்க்காமலே விலை சொல்கிறவனுக்கு ஏற்கெனவே ஏதோ தெரிந்திருக்கிறது. ரெண்டு நாள் கடையில் விட்டுவிட்டுப் போங்கள், பார்த்து இன்னும் நல்ல விலை சொல்கிறேன் என்றார் அவர். சீல்காரர் பெட்டியை மூடிக்கொண்டு வந்துவிட்டார். வீடு வந்து செருப்பைக் கழற்றும் முன் கடைக்காரர் போன் செய்து விலையை ஏற்றினார். சாப்பிட்டு எழுந்ததும் இன்னொரு போன், இன்னும் கொஞ்சம் ஏறியது. கேட்காமலே விலை ஏறுகிறதென்றால் அடியில் எவ்வளவு ஆழம் இருக்கும்? மூன்றாவது அழைப்பை அவர் எடுக்கவில்லை.

கடைசியில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் கிட்டார் பழுதுபார்க்கும் பெண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டார். அவள் வாங்குவதுமில்லை, விற்பதுமில்லை. பார்த்து உண்மையைச் சொல்வதற்குக் கூலி மட்டும் வாங்குவாள் என்றார்கள். அறை முழுக்கப் பசை வாசனை. சுவரில் கழுத்தில்லாத கிட்டார்களும் உடம்பில்லாத கழுத்துகளும் தொங்கின. மூக்குக்கண்ணாடியைத் தலைமுடிமேல் ஏற்றிவைத்துக்கொண்டு அவள் கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யார் சார் இதுக்குப் பொட்டு வச்சது?"

நான்தான் என்றார். எதற்கு என்றும் சொன்னார்.

"மாத்தணும்னா நெயில் பாலிஷ் எனக்கும் கடையில கிடைக்கும் சார்" என்றாள் அவள். "இந்தப் புள்ளி தகட்டுலேருந்து போகாது. இதுக்கே விலை கொஞ்சம் குறையும்."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்தார். அவள் கழற்றும் முன் ஒவ்வொரு புள்ளியையும் அவரே பார்த்தார். ஒன்றும் பிளக்கவில்லை.

கிட்டாரின் தலையில் கம்பெனிப் பெயர் எழுதியிருப்பதை அவள் பொருட்படுத்தவில்லை. பெயரை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம் என்றாள். கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் ஓர் இரும்புத் தகடு, அதில் ஓர் எண். அதையும் நம்பவில்லை. தகட்டைக் கழற்றி வேறொன்றில் மாட்டலாம் என்றாள். சீல்காரருக்கு அவளைப் பிடித்துப்போனது. கழுத்தைத் தனியாக எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பினாள். மரத்தில் பென்சிலால் ஒரு மாதமும் வருடமும் எழுதியிருந்தது. பிறகு முன்தகட்டைத் தூக்கி, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகின் முதுகில் அச்சடித்திருந்த எண்களைப் பூதக்கண்ணாடியில் படித்தாள். அதிலும் அதே வருடம். இரும்புத் தகட்டின் எண்ணும் அந்த வருடத்துடையதுதான்.

"மூணு சாட்சியும் ஒரே கதையைச் சொல்லுது. அசல்தான் சார். நல்ல வருஷத்துப் பொருள்."

அவள் சொன்ன விலையைக் கேட்டு சீல்காரர் மறுபடி கேட்டார். கடைக்காரர் ஏற்றி ஏற்றிச் சொன்னதெல்லாம் அதன் காலடியில் கிடந்தது. இதே மாதிரி கிட்டார்கள் கப்பல் வழியாகத்தான் அந்தக் காலத்தில் வந்தன, வாசித்தவர்கள் போகும்போது யாருக்காவது கொடுத்துவிட்டுப் போவதும் உண்டு என்று அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். அவர் தரையில் கிடந்த மரத்தூளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் அவள் பேச்சு நின்றது. தலையிலிருந்த கண்ணாடியைக் கீழே இறக்கினாள். கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் சுருள்கள், பிக்கப் என்பார்கள், அதில் மூன்று இருந்தன. இரண்டு ஒரு ஜாதி. கடைசியில் இருந்தது வேறு.

"இது மட்டும் வெளி ஆளு சார். யாரோ மாத்தியிருக்காங்க. அசல் இல்லாம, சொன்ன விலையில மூணுல ஒரு பங்கு போயிடும்."

சீல்காரர் குனிந்து பார்த்தார். ஒயர் ஒட்டிய இடத்தில் மற்ற ஈயப்பற்றெல்லாம் சாம்பல் பூத்திருக்க, அந்த ஒன்று மட்டும் பளபளத்தது. அன்று அறைக்குள் டார்ச் அடித்தபோதும் அது பளபளத்திருக்கும். எதையோ ஒளித்துவைத்திருப்பான் என்று தேடிய கண்ணுக்கு, இருந்தது தெரியவில்லை.

எப்போது மாற்றியிருப்பார்கள் என்று கேட்டார்.

"பத்து வருஷம் இருக்கலாம். போன மாசமும் இருக்கலாம். மூடிக்குள்ள காத்துப் படாம இருந்தா சொல்ல முடியாது. வாசிக்கிறவங்க செய்றதுதான். கச்சேரி நடுவுல சுருள் செத்துப்போச்சுன்னா கைக்குக் கிடைச்சதைப் போட்டு வாசிப்பாங்க. பழசைத் தூக்கிப் போட்டிருப்பாங்க, பாவம்."

தம்பிதான் செய்திருப்பான். சந்தேகமே இல்லை. ஆனால் சந்தேகமே இல்லை என்று சொல்கிறவர்களை அவர் வேலைக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறார். மாடிப்படி இறங்கும்போதே வழக்கு தானாக நடக்கத் தொடங்கிவிட்டது. புள்ளி பிளக்கவில்லை, ஆகவே அந்தப் பெண் சுத்தம், கடைக்காரர் சுத்தம். புள்ளி வைப்பதற்கு முன் பொருள் யார் கையில் இருந்தது? இவர் கையில். கதவைச் சாத்திக்கொண்டது யார்? இவர். திருப்புளியும் ஈயம் பற்றவைக்கும் கோலும் யார் வீட்டு அலமாரியில் இருக்கின்றன? வாங்கும்போது எப்படி இருந்தது என்பதற்கு ரசீது உண்டா? இல்லை. ஊரில் இருக்கிற எல்லோரையும் அவர் வைத்த சீல் விடுவித்துவிட்டது, அவர் ஒருவரைத் தவிர.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டாள். அவளுக்கு இது ஒரு பிரச்சினையாகவே படவில்லை. குறைந்த விலையைச் சொல்லிப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள், தம்பி மனைவிக்குச் சுருளும் தெரியாது சுண்டைக்காயும் தெரியாது என்றாள். ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். பிறகு திரும்பாமலே கேட்டாள்:

"நீங்க ஒண்ணும் கைவைக்கலையே?"

விளையாட்டுக்குத்தான் கேட்டாள். அவள் சிரித்ததும் தெரிந்தது. ஆனால் அன்று சாயங்காலம் முழுவதும் அவர் அவளோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போனார். ஒற்றை அறையும் சமையலறையும். தம்பி மனைவி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, காலை இன்னொரு நாற்காலியில் நீட்டியிருந்தாள். இவரைக் கண்டதும் எழப்போனவளைக் கையமர்த்திவிட்டு, பெட்டியை நடுவில் வைத்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அசல் என்பதை, விலையை, மாறியிருந்த சுருளை, குறையும் பங்கை. தம்பி சொன்ன கப்பல் கதை உண்மையாக இருக்கலாம் என்பதையும் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் தேய்ந்தது.

மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல அவர் முகத்தைப் படித்தாள். பிறகு கேட்கத் தொடங்கினாள். உங்க வீட்டுல உள்ள திறந்து பாத்தீங்களா? பார்த்தேன். அக்கா பக்கத்துல இருந்தாங்களா? இல்லை, கதவு சாத்தியிருந்தது. எதுக்குச் சாத்தினீங்க? பழக்கம் என்றார். அந்தச் சொல் அவர் காதிலேயே மோசமாக விழுந்தது. உங்களுக்கு இந்த ஒயர் வேலையெல்லாம் வரும்ல? வரும்.

"எனக்குத் தெரியல அத்தான்" என்றாள் கடைசியில். "அவர் மாத்தியிருக்கலாம். என்கிட்ட சொல்லிட்டா எல்லாம் செஞ்சாரு? நீங்களும் மாத்தியிருக்கலாம். நீங்க சோதனைக்குப் போன வீட்டுல இப்படி இருந்திருந்தா யார் பேரை எழுதுவீங்க?"

வெளியே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போனதும் அவர் சொன்னார்:

"என் பேரைத்தான்."

அவள் தலையாட்டினாள். ஆனாலும் நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காதே என்றாள், அவருக்காக ஒரு கதவைத் திறந்துவிடுகிற மாதிரி. அவருக்கு அதற்குள் நுழையத் தெரியவில்லை.

"அப்படி நினைக்க வைக்கிறதுக்காகவும் சொல்லலாம். அந்த மாதிரி ஆளுங்களை நான் பாத்திருக்கேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பி போன பிறகு அவள் சிரித்து அவர் பார்த்ததில்லை. சிரித்து முடித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெட்டியைக் காலால் அவர் பக்கம் நகர்த்தினாள்.

"போதும் அத்தான். எடுத்துட்டுப் போய் வித்துட்டு வாங்க."

நீயும் கூட வா, உன் கண்முன்னாலேயே விலை பேசட்டும் என்றார். லீவு கிடைக்காது என்றாள். ஒரு நாள் தள்ளிப்போடலாம் என்றார். கால் வலிக்கிறது என்றாள். இந்த முறை ரசீது எழுதியே தீருவேன் என்று சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்ததில், பேனாவைத் திரும்பச் செருகிக்கொண்டார்.

படியிறங்கும்போது பெட்டி வரும்போது இருந்ததைவிடக் கனத்தது. நம்பிக் கொடுத்தாளா, என்ன செய்கிறேன் என்று பார்ப்பதற்குக் கொடுத்தாளா? சிரித்தது எதற்கு? கால்வலி நிஜந்தானா? தெருவுக்கு வந்ததும் தலையைத் தூக்கி அவளுடைய ஜன்னலைப் பார்த்துவிடத் தோன்றியது. அவள் அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்று, இல்லையென்றால் ஒன்று. ஏதோ ஒன்று தெரிந்துவிடும். கழுத்து பாதி திரும்பியது. அப்படியே நின்றார். பிறகு பெட்டியை மறுகைக்கு மாற்றிக்கொண்டு, பார்க்காமலேயே, யாரிடம் விற்கலாம் என்று அந்தப் பழுதுபார்க்கும் பெண்ணையே கேட்க, சைக்கிள் கடை இருக்கும் தெருப் பக்கமாக நடக்க ஆரம்பித்தார்.