கலிஸ்ராவின் இரண்டாம் விரல்

2024ஆம் ஆண்டு பெப்ரவரி 19ஆம் திகதி, திங்கட்கிழமை, முற்பகல் பத்தரை மணி. நான் தாதியாகப் பணியாற்றும் மருத்துவமனையின் மருந்து கட்டும் அறைக்கு, முல்லைத்தீவுக் கரையிலிருந்து கலிஸ்ரா வந்தார். வயது ஐம்பத்தெட்டு. தொழில் கருவாடு போடுதல். சில கிழமைகளுக்கு முன் நண்பகல் மணலில் வெறுங்காலுடன் நின்றதில் வலக்காலின் இரண்டாம் விரல் வெந்து புண்ணாகியிருந்தது. வெந்த கணம் அவருக்குத் தெரியாது. பத்து ஆண்டுகளாக நீரிழிவு.

"இவவின்ரை காலுக்குச் சூடு சுரணை இல்லை, மிஸி. எல்லாம் வாயிலைதான்," என்றார் உடன் வந்த கணவர் இராயப்பு.

"உங்களுக்கு வாயிலையும் இல்லை," என்ற கலிஸ்ரா, என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "நடக்கேக்கை நிலம் தெரியுதில்லை, மிஸி. ஆடுற தோணியிலை நிக்கிறமாதிரிக் கிடக்கு. ஒரு கணக்கிலை நல்லாத்தான் இருக்கு."

வைத்தியர் மெல்லிய கம்பியைப் புண்ணுக்குள் செலுத்தினார். அது எலும்பில் முட்டிய சிற்றோசை எனக்குக் கேட்டது. கலிஸ்ராவோ யன்னலுக்கு வெளியே வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிருமி எலும்புவரை இறங்கியிருந்தது. எக்ஸ்றே படமும் அதையே காட்டியது. ஆறு கிழமை மாத்திரை என்று வைத்தியர் கிளினிக் கொப்பியில் எழுதினார். இடையில் விட்டால் விரல் போகும், பாதமும் போகலாம்.

தவக்காலம் அது. ஒருவேளை மட்டும் உண்டு ஒருசந்தி இருக்கும் நாளிலும் மாத்திரைக்காக இரண்டு வாய் கஞ்சி குடித்தார். நான்காம் கிழமை, ஓடு கழற்றிய நண்டின் உடல்போல மென்மையான புதுத்தோல் புண்ணை மூடியது.

"காய்ஞ்சிட்டுது, மிஸி. இனியும் குளிசை போடவேணுமோ?"

வாசலில் நீண்ட வரிசை. நான் கொப்பியைப் புரட்டவில்லை. "காய்ஞ்சால் காணும், அக்கா, இனித் தேவையில்லை," என்றேன். சாதாரணப் புண்ணுக்கு அது சரியான விடை. இங்கோ தோலுக்கு அடியில் எலும்பு இன்னும் ஆறவில்லை.

பெரிய வெள்ளியன்று, கடற்கரையோரச் சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளையும் கலிஸ்ரா வெறுங்காலுடன் நடந்து முடித்தார். அது அவருடைய நேர்த்திக்கடன். மணல் சுடவில்லையா என்று பின்னர் கேட்டேன்.

"மேகத்திலை போனமாதிரி இருந்தது. மற்றவை காலை மாத்தி மாத்தித் துள்ளினம். எனக்கு மட்டும் மாதா கை பிடிச்சிருக்கிறா எண்டு நினைச்சன்."

உயிர்ப்பு ஞாயிறு கழிந்த கிழமை, விரல் சிவந்து வீங்கிய நிலையில் வந்தார். வைத்தியர் கொப்பியைத் தட்டினார்.

"ஆறு கிழமை எண்டு எழுதியிருக்கு. ஆர் நிப்பாட்டச் சொன்னது?"

நான் கத்தரிக்கோலுடன் அருகில் நின்றேன். கலிஸ்ரா என்னைப் பார்க்கவே இல்லை.

"ஒருத்தரும் சொல்லேல்லை, டொக்டர். குளிசை கைச்சுது, நான்தான் விட்டிட்டன்."

இராயப்பு வாய் திறந்தார். கலிஸ்ரா அவருடைய கையை அழுத்தினார். நான் குனிந்து தட்டில் பஞ்சை அடுக்கினேன்.

விரல் அகற்றப்பட்டது. வெட்டிய ஓரத்து எலும்பிலும் கிருமி எஞ்சியிருந்ததால், மேலும் மூன்று கிழமை மாத்திரை. பாதம் தப்பியது. மருந்து கட்டும்போது ஒருநாள், "அக்கா, அண்டைக்கு நான் சொன்னது..." என்று தொடங்கினேன்.

"கட்டை இறுக்காதேங்கோ, மிஸி. ராத்திரி ஒரு கனவு. அந்த விரல் களப்புக்குள்ளை மீன்குஞ்சு மாதிரி ஓடித்திரியுது. கூப்பிட்டன், வரேல்லை. சரி, விளையாடட்டும் எண்டு விட்டிட்டன்."

இன்று கலிஸ்ரா செருப்புப் போட்டுக்கொண்டு கருவாடு புரட்டுகிறார். அந்த விரலுக்கு நான் கடன்பட்டவள். அவர் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை.