மாடிக் குழந்தையின் தண்ணீர்

எழுபதுகளின் தொடக்கத்தில், அடையாற்றில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருந்தேன். மயிலாப்பூர் அச்சகம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மெய்ப்புத் திருத்துவது என் தொழில். பிறர் எழுத்தைப் பகலெல்லாம் படித்துக் களைத்து, மாலையில் எந்தச் சொல்லைக் கண்டாலும் சலிப்புத் தட்டிய காலம் அது.

மாடியில் ஈரானிலிருந்து படிக்க வந்த இளந்தம்பதியர் இருந்தனர். இருவரும் கல்லூரி மாணவர்கள். அவர்களுடைய பெண்குழந்தைக்கு இரண்டு வயது நிறைந்திருந்தது. அதைப் பார்த்துக்கொள்ள நொச்சிக்குப்பத்திலிருந்து ஆயா ஒருத்தி வருவாள். மாடி வெயிலில் கொதிக்கும். ஆகையால் பகற்பொழுது முழுவதும் ஆயாவும் குழந்தையும் என் அறையில்தான்.

படித்துக்கொண்டே பிள்ளையும் வளர்ப்பது ஆகாத காரியம் என்று கணவருக்குத் தோன்றிவிட்டது. படிப்பு முடியும்வரை ஊரிலுள்ள தம் அக்காளிடம் குழந்தையை அனுப்பிவிடத் தீர்மானித்தார். மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள்: தன் மொழியில் தண்ணீர் கேட்கவாவது தெரிந்தபிறகு அனுப்பலாம். அந்த அத்தைக்குத் தமிழ் தெரியாதே.

குழந்தைக்குப் பாரசீகம் விளங்காமல் இல்லை. ‘கெலீத்’ என்றால் சாவியைக் கொண்டுவரும். ‘கஃப்ஷ்’ என்றால் செருப்பை. வகுப்பு முடிந்து, நெரிசலில் நின்றபடியே பேருந்தில் வந்து, மேலே ஏற மாட்டாமல் கீழ்ப்படியில் அமரும் தாய் ‘ஆப்’ என்பாள். ஆயா ஊற்றிக் கொடுக்கும் தண்ணீர் டம்ளரை இரு கையாலும் ஏந்தி, பாதியைச் சிந்தியபடி குழந்தை கொண்டுபோய்க் கொடுக்கும். தனக்குத் தாகமெடுத்தால் மட்டும் ஆயாவின் முந்தானையை இழுத்துத் “தண்ணி” என்னும்.

இனிக் குழந்தையிடம் தமிழ் பேசவேண்டாம் என்று தாய் என் மூலமாகக் கேட்டுக்கொண்டபோது ஆயா பொரிந்து தள்ளினாள்.

“நல்லா கீதும்மா நாயம்! நாளெல்லாம் கூட இருந்துக்கினு ஊமை மாதிரி குந்தினு இருக்கணுமா?”

தாய்க்கு அதில் ஒரு சொல்லும் புரியவில்லை. டம்ளரைக் காட்டி, “ஈன் சீயே?”, இது என்ன, என்று குழந்தையைக் கேட்பாள். குழந்தை டம்ளரை எடுத்து அவள் வாயருகே நீட்டும். தாகமில்லாமலே அவள் அதைக் குடித்து முடிப்பாள்.

அம்மா களைத்து வந்தால் கொடுப்பது ‘ஆப்’. தான் வாங்கிக் குடிப்பது ‘தண்ணி’. குழந்தையின் கணக்கில் இரண்டும் வேறு வேறு பொருள்கள். எனக்குத் தோன்றியதைத் தாயிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அன்று முதல் அவள் கீழ்ப்படியில் அமரவில்லை. வறண்ட நாவுடன் மேலே ஏறிப் போய், ‘ஆப்’ என்று சொல்லிச் சொல்லிக் குழந்தைக்குத் தானே புகட்டலானாள்.

கொளுத்தும் வெயிலில் ஒரு நண்பகல். ஆயா பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தாள். குழந்தை என் மேசையைப் பற்றிக்கொண்டு நின்று, “ஆப்” என்றது. பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். முழுவதையும் குடித்தது.

ஈரக் கையோடு ஆயா வாசலில் நின்றிருந்தாள்.

“அம்மாவாண்ட சொல்லாதீங்க சாரு.”

“ஏன்?”

“இன்னா சாரு, தெரியாத மாதிரி கேக்குறீங்க? சொன்னா கொயந்தைய அனுப்பிடுவாங்கல்ல?”

நான் சொல்லத் தேவையே நேரவில்லை. மாலையில் தாய் வாசலில் கால் வைத்ததும் குழந்தை அவள் சேலையைப் பிடித்து, “ஆப்” என்றது. ஊரில் அணியாத அந்தச் சேலை இன்னும் அவளுக்குப் பழகியிருக்கவில்லை; தடுக்கி விழப்பார்த்தாள். பிறகு கைகொட்டிச் சிரித்து, மாடியை நோக்கிக் கணவரைக் கூவி அழைத்தபடி நாலைந்து படி ஏறினாள்.

பாதியில் நின்றாள். திரும்பி இறங்கி, பல நாளுக்குப் பிறகு கீழ்ப்படியில் அமர்ந்தாள்.

“ஒருமுறை சொன்னது போதாது, இல்லையா?” என்று என்னைக் கேட்டாள்.

நான் விடை சொல்லுமுன், தண்ணீர் இன்னும் வராத கோபத்தில் குழந்தை உரக்கச் சொன்னது: “ஆப்!”

சில நாளில், ஈரானுக்குத் திரும்பிய உறவினர் ஒருவர் குழந்தையை அழைத்துப் போனார். டாக்ஸி புறப்படும்போது அவர் தோளில் அது உறங்கிக்கொண்டிருந்தது. ஆயாவும் வேலையிலிருந்து நின்றுவிட்டாள்.

மறுநாள் மாலை அந்தப் பெண் கல்லூரியிலிருந்து தனியே வந்து கீழ்ப்படியில் அமர்ந்தாள். புத்தகங்களை மடியில் வைத்துக்கொண்டாள். பின் என் கதவுப் பக்கம் திரும்பி, “தண்ணி” என்றாள்.

கொண்டுபோய்க் கொடுத்தேன்.