குவார்ட்ஸ் கண்ணாடிக்கு ஒரு பொட்டு

ராக்கெட் கக்கும் வாயுக்கள் புற ஊதாக் கதிரை எவ்வளவு சிதறடிக்கின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. தர்மபுரிப் பக்கம் இதைச் சொன்னால் ராக்கெட் விடப்போகிறேனா என்பார்கள். நான் விட்டதெல்லாம் ஓர் எஃகுப் பெட்டிக்குள் கொஞ்சம் வாயு, அவ்வளவுதான். சாதாரணக் கண்ணாடி அந்தக் கதிரை விழுங்கிவிடும் என்பதால் பெட்டிக்கு இரண்டு பக்கமும் குவார்ட்ஸ் கண்ணாடி. சுத்தமான வாயு சிதறடிப்பது மிகக் கொஞ்சம். ஒரு தூசி விழுந்தாலும் அளவு கெட்டது. அதனால் நான் பவுடர் பூசுவதில்லை, குங்குமப் பொட்டு வைப்பதில்லை. பாலக்கோட்டில் பஸ் ஏறும்போதெல்லாம், வெறும் நெற்றியோடு போகிறேனே என்று அம்மா முணுமுணுப்பார்.

நைட்ரஜனும் கரியமில வாயுவும் அளந்து முடித்து, நீராவி மட்டும் பாக்கி. பொங்கலோடு ஆய்வேட்டை ஒப்படைக்கும் கெடு முடிகிறது. ஆயுத பூஜைக்கு முன் பெட்டியைத் துணியால் மூடி, தொட வேண்டாம் என்று எழுதி ஒட்டினேன். துறைத் தலைவரிடம் நேரிலும் சொன்னேன். அவர்தான் என் வழிகாட்டி. தலையை ஆட்டினார்.

விடுமுறை முடிந்து ஆய்வகத்தைத் திறந்தால் சாம்பிராணி வாசம். துணியைக் காணோம். இரண்டு கண்ணாடியிலும் சந்தனம், நடுவில் குங்குமம். வைத்தவர் அவரேதான், துறை வாட்ஸ்அப் குழுவில் படம் கிடந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரைக் கூட்டிவந்து காட்டினேன்.

"தொடச்சா சரியாப் போவுது, இதுக்கு ஏங்க இவ்ளோ கோவம்?" என்று மேஜை துடைக்கும் துணியால் அழுத்தித் தேய்த்தார். அந்தக் கையைத் தட்டிவிட்டிருக்க வேண்டும். அதே கைதான் என் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

கீறல் விழுந்த கண்ணாடி, வாயுவே இல்லாத பெட்டியிலும் வாயுவைவிட அதிகமாகச் சிதறடித்தது. மாற்றுக் கண்ணாடி கெடுவுக்குள் வரவில்லை. நீராவி இல்லாமலே ஆய்வேட்டை ஒப்படைத்தேன். ராக்கெட் புகையில் நீராவியை விட்டுவிடுவது பந்தியில் சோற்றை விட்டுவிடுவது மாதிரி.

வாய்மொழித் தேர்வில் வெளியூர்த் தேர்வாளர் முதலில் கேட்டதே அதைத்தான். நான் வாய் திறக்குமுன் துறைத் தலைவர் முந்திக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு கண்ணாடிய பத்திரமா வெச்சுக்கலைங்க."

பின்வரிசையில் அம்மா உட்கார்ந்திருந்தார். அவருக்காக அன்று குங்குமப் பொட்டு வைத்திருந்தேன். பட்டம் போனாலும் போகட்டும் என்று அதைத் தொட்டுக் காட்டினேன்.

"நீங்க கண்ணாடிக்கு வெச்சீங்களே சார், இந்தக் குங்குமத்துக்குப் பயந்துதான் இத்தன வருஷமா நான் வெறும் நெத்தியோட வந்தேனுங்க."