அழிக்காமல் விட்ட ஒரு மெஷின்

திருப்பதியில் நான் பாடம் நடத்திய கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் ஒருவரின் பொறுப்பில் இருந்தது. ஒரே சர்வரில் மாணவர்களுக்கு ஆளுக்கொரு விர்ச்சுவல் மெஷின், அதாவது சர்வருக்குள்ளேயே தனிக் கம்ப்யூட்டர் போல ஓடும் ஒன்று, போட்டுக் கொடுப்பார்; செமஸ்டர் முடிந்ததும் அத்தனையையும் அழித்துவிடுவார். ஒடிசலான ஆள். நான் உள்ளே நுழைந்தால் சட்டென்று திரையை அணைப்பார். அதனாலேயே எனக்குச் சந்தேகம். ஒரு செமஸ்டர் விடுமுறையில் போய்ப் பார்த்தேன். ஒரு மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“இது யாரோடது?”

“சத்தியவேட்டுப் பொண்ணு சார். படிப்ப உட்டுட்டு ஃபேக்டரிக்குப் போய்க்கினு இருக்குது. ஷிப்ட் முடிஞ்சதும் அங்கேர்ந்தே நெட்டு வழியா இதுல வந்து புரோகிராம் எழுதுது. எப்டி சார் அழிக்கிறது?”

“பேரு?”

எல்லார் ரோல் நம்பரையும் மனப்பாடமாகச் சொல்பவர், “மறந்துட்டேன் சார்” என்றார்.

நான் புகார் எழுதவில்லை. அவர் ஒரு பொய் சொன்னார், அது நிச்சயம். அப்படி ஒரு பெண் இருக்கிறாள் என்பதா, பெயர் மறந்துவிட்டது என்பதா, அதுதான் இன்றுவரை தெரியவில்லை.