வாள்வீரனுக்கு மூன்று வழிகள்

ஞாயிறு காலை பத்தேகால். கதைத் தாளிலிருந்து நிமிர்ந்தபோது முதலில் கண்ணில் பட்டது, எங்கள் வாள்வீரன் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி யூனிஃபார்ம் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தது.

அது 2011. சுங்குவார்சத்திரத்தில் ஒரு மாடி அறை. வார விடுமுறையில் நாங்கள் நால்வரும் பாயில் உட்கார்ந்து ஒரு கற்பனைச் சண்டை விளையாட்டு ஆடுவோம். கதையை நான் நடத்துவேன். பென்னலூர்க்காரன் மந்திரவாதி, அவனோடு தொழிற்சாலை லைனில் வேலை செய்பவன் திருடன், கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவன் வாள்வீரன். இருபது முகப் பகடை எங்களுக்குக் கிடைக்கவில்லை. தம்போலா ஆட்டத்தின் எண் காய்களில் ஒன்று முதல் இருபது வரை ஒரு டம்ளரில் போட்டுக் குலுக்கினோம். பெரிய எண் வந்தால் நினைத்தது நடக்கும்.

மந்திரவாதி தன் முறை வந்தால் எந்த மந்திரத்தைப் போடலாம் என்று வெகுநேரம் யோசிப்பான். வாள்வீரன் “வெட்டுதேன்” என்பான், காயை எடுப்பான், இஸ்திரிக்குத் திரும்புவான். அன்று பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை என்றான்.

“ஆறு நாளும் லைன்ல ஒரே போல்ட்ட முடுக்குதேன், அண்ணாச்சி. ஏழாம் நாளும் ஒரே சொல்லத்தான் சொல்லணுமா?”

அவன் போய்விட்டால் ஆட்டம் அதோடு முடிந்தது. நெருப்பு கக்கும் வாள் ஒன்று தருவதாகச் சொன்னேன்.

“அப்ப வாளுதான சண்ட போடுது? நான் அத சுமக்கவன்.”

“பேசாம மந்திரம் கத்துக்க மச்சி. ஒரு ஊது ஊதுனா எல்லாம் சாம்பலு” என்றான் பென்னலூர்க்காரன்.

கதையில் அப்போது மூவரையும் ஓநாய்க் கூட்டம் ஒரு சுரங்கத்துக்குள் துரத்திக்கொண்டிருந்தது. நிஜமாகவே நீ அங்கே இருந்தால் என்ன செய்வாய் என்று வாள்வீரனிடம் கேட்டேன். எழுந்துபோய் அறை வாசலில் காலை அகட்டி நின்றான். மந்திரவாதியைத் தன்னைத் தாண்டிப் போகச் சொன்னான். அவன் தோளைக் கொடுத்து முட்டினான், முடியவில்லை. மறுபடி வேகமாக வந்தபோது வாள்வீரன் அரையடி விலகினான். மந்திரவாதி வராந்தாவில் கிடந்த செருப்புகள் மேல் போய் விழுந்தான். திருடன் சிரித்து முடிக்க நேரமாயிற்று.

அதையே விதியாக்கினோம். வாள்வீரன் வழியை மறிக்கலாம். எந்த எண் வந்தாலும் மற்றவர்கள் தப்புவார்கள், ஆனால் எல்லாக் கடியும் அவனுக்கே, சின்ன எண் என்றால் உயிரே போகும். விலகி எதிரியைச் சாய்க்கலாம். சின்ன எண் வந்தால் அவனே விழுவான். அடிபட்டவனைப் பின்னால் இழுத்துவிட்டு அந்த இடத்தில் நிற்கலாம். எது என்பதைக் காய் எடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

அவன் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பாயில் வந்து உட்கார்ந்தான். கதையில் மந்திரவாதியிடம் மந்திரம் தீர்ந்திருந்தது. ஓநாய் கடித்த திருடனால் நடக்க முடியவில்லை. வாள்வீரன் சுரங்கத்தின் நீளத்தையும் அகலத்தையும் கேட்டான். அவன் ஒரு முறையில் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை.

“திருடன இழுத்துப் பின்னால விட்டாச்சு. இப்ப மறிக்கேன். நீங்க போயிருங்க.”

வந்த எண் நான்கு. மந்திரவாதி திருடனைச் சுமந்துகொண்டு தப்பினான். அவனுடைய வீரன் அங்கேயே செத்தான்.

“இப்பவாச்சும் மந்திரவாதியா வா மச்சி” என்றான் பென்னலூர்க்காரன்.

கோவில்பட்டிக்காரன் அடுத்த பாத்திரத்தை எழுத என்னிடம் ஒரு புதுத் தாள் கேட்டான். பெயருக்கான இடத்தைக் காலியாக விட்டு, அதன் கீழே வாள்வீரன் என்று எழுதினான்.