அம்மாவின் மனத்தை மாற்ற ஒரு கட்டுரை

மதிப்பெண்ணுக்காக மட்டும் எழுதும் பிள்ளைகளைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அதனால் மலேசியாவில், குளுவாங் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தபோது ஒரு விதி வைத்தேன். யாருக்காக எழுதுகிறார்களோ அவர்தான் தீர்ப்புச் சொல்வார், நான் இல்லை. சிரிக்க வைக்க எழுதியதை முதலாம் ஆண்டுச் சுட்டிகளிடம் வாசித்துக் காட்டினார்கள். சிரிப்பு வராவிட்டால் திரும்ப எழுத வேண்டும். தகவல் சொல்ல எழுதியவை கேண்டீன் சுவரில் ஏறின. வகுப்பு களைகட்டியது.

அடுத்து, ஒருவர் மனத்தை மாற்ற எழுதச் சொன்னேன். ஒரு மாணவி தன் அம்மாவுக்கு எழுதினாள். தம்பியை, பாடமெல்லாம் சீன மொழியில் நடக்கும் சீனப்பள்ளியில் சேர்ப்பதென்று வீட்டில் முடிவாகிவிட்டது. அவன் எங்கள் தமிழ்ப்பள்ளிக்கே வர வேண்டும் என்பது அவள் ஆசை.

மறுநாள் பள்ளி விட்டதும் அந்த அம்மா தொழிற்சாலைச் சீருடையோடு வகுப்பு வாசலில் வந்து நின்றார். கையில் அந்தத் தாள். மகள் இடத்தைவிட்டு எழவே இல்லை.

"நீங்கதான் சொல்லிக்குடுத்து எழுத வச்சீங்களா டீச்சர்?"

"இல்லைங்க. அவளே எழுதினது." எனக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. பிள்ளைகள் குறைந்துகொண்டே போகும் பள்ளி எங்களுடையது. அவர் மனம் மாறாதா என்று உள்ளூர நானும் ஏங்கினேன்.

"வருசக்கணக்கா ஒரே லைன்ல நிக்கிறேன். சீனம் பேசத் தெரிஞ்சவங்கல்லாம் சூப்பர்வைசர் ஆயிட்டாங்க. என் பையனும் அங்கயே நிக்கணுமா, சொல்லுங்க லா!"

அவர் தாளை நீட்டினார். பள்ளி பக்கத்தில் இருக்கிறது, இருவரும் சேர்ந்தே நடந்து வரலாம் என்று நல்ல காரணங்களாகத்தான் எழுதியிருந்தாள். கடைசி வரியில் என் கண் நின்றது. 'இந்தப் பள்ளி தம்பிக்கு நல்லதில்லை என்றால், என்னை மட்டும் ஏன் இங்கே விட்டிருக்கிறீர்கள்?'

"இதுக்கு நான் என்ன பதில் சொல்றது?" அவர் மகளிடம் திரும்பினார். "ஒன்னைச் சேக்கறப்ப எனக்கு இதெல்லாம் தெரியலம்மா. இப்பத்தான் தெரியுது."

அவள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். விட்டுக்கொடுக்காதே, இன்னொரு காரணம் சொல் என்று என் மனம் அடித்துக்கொண்டது.

"சரிம்மா" என்றாள். "தம்பி அங்கயே போகட்டும். என்னையும் அங்க மாத்திடுங்க."

சீனம் ஓர் எழுத்தும் தெரியாமல், அடுத்த வருடம் ஐந்தாம் ஆண்டில் போய்ச் சீனப்பள்ளியில் சேர முடியாது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதை அவளிடம் யார் சொல்வது என்று தெரியாமல் நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.