அக்கா படித்த முதுகு

நான் எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆனாலும் விலா எலும்புகள் முதுகெலும்போடு எப்படிச் சேர்கின்றன என்று எனக்குத் தெரியும். லாரியில் மூட்டைகளின் மேல் படுத்துக்கொண்டு நான் போகிற ஊர்களில் அதை யாரும் கேட்பதில்லை.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் வீடு கடலூரில், சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்தது. அப்பாவுக்கு அங்கே ஒப்பந்த வேலை. வேலை இருக்கிற வாரம் சோறு, குழம்பு. இல்லாத வாரம் கஞ்சி. அக்கா சிதம்பரத்தில் விடுதியில் தங்கி நர்ஸிங் படித்தாள். இந்தத் தேர்வில் தவறினால் படிப்பு போதும், கல்யாணம்தான் என்று அப்பா சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை பாசஞ்சர் ரயிலில் வந்து இறங்கியதும், "டேய், சட்டையக் கழட்டு" என்பாள். கழுத்தடியில் துருத்துகிற எலும்பில் தொடங்கி, ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டே இறங்குவாள். இரண்டு புள்ளிகளுக்கு நடுவிலிருந்து விலாவோடு ஒரு கோடு ஓடும்.

"இந்த விலா, மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, ரெண்டு முதுவெலும்பயும் புடிச்சிக்கினு இருக்கும்டா. மூச்ச இழு. பாத்தியா, வாளிப்புடி மாதிரி தூக்குது."

கடைசி இரண்டு விலாக்களுக்கு முன்பக்கம் பிடிமானமே இல்லை என்றாள்.

"அப்ப வுழுந்துடாதாக்கா?"

"வுழாது. பின்னால கெட்டியா புடிச்சிருக்கு."

அம்மா அடுப்படியிலிருந்து கத்துவாள்: "ஏண்டி, புள்ள முதுவு என்னா உனுக்கு ஸ்லேட்டா?"

"எங்க காலேஜ் எலும்புக்கூடு கூட இவ்ளோ தெளிவா இல்லம்மா. இவன் இருக்கசொல்ல எனுக்கு புக்கு எதுக்கு?"

அந்தப் பேச்சு எனக்குத் தலைக்கேறிவிட்டது. சதை போட்டால் அக்கா எதைப் படிப்பாள்? பள்ளிக்கூடத்துச் சத்துணவு முட்டையைப் பக்கத்துப் பையனிடம் தள்ளினேன். ராத்திரி வயிற்றுவலி என்று சொல்லிப் பாதிக் கஞ்சியோடு எழுந்தேன். பசி எங்களுக்குப் புதிதில்லை. அதற்கு ஒரு வேலை கிடைத்ததுதான் புதிது.

தேர்வுக்கு முந்தின சனிக்கிழமை, அவள் விரல் எங்கும் தயங்காமல் இறங்கியது.

"முன்னவுட நல்லா தெரியுதில்லக்கா? முட்டையே துன்னல. உனுக்காவத்தான்."

பேனா நின்றது. நான் அசைந்துவிட்டேனோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவள் உள்ளங்கை மட்டும் கொஞ்ச நேரம் என் முதுகில் கிடந்தது. பிறகு ஈரத்துண்டால் கோடுகளைத் துடைத்து, எனக்குச் சட்டையை மாட்டிவிட்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

அவள் தேறினாள். வேலை கிடைத்துக் கடல் தாண்டிப் போனாள். இப்போது போன் செய்தால் முதல் கேள்வி, "சாப்ட்டியாடா?" என்பதுதான். சாப்பிட்டேன் என்பேன். என் முதுகை இன்று சதை மூடிவிட்டது. தடவினால் எனக்கே எதுவும் அகப்படுவதில்லை. மறுபடி யாரும் அங்கே விரல் வைத்து எண்ணியதுமில்லை.

அந்தச் சனிக்கிழமை வெளிச்சம் மங்கும்வரை அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. இன்னும் கொஞ்சம் மெலிந்திருக்க வேண்டுமோ என்று யோசித்தபடி, சட்டையை மறுபடி கழற்றிவிட்டு அவள் பின்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.